அட்வான்ஸ் யாருடைய பணம்? தரைப்பணி ஒப்பந்ததாரருக்கு ஏற்ற வங்கியும் கணக்குக் கருவிகளும்: ஒரு சேலத்து அனுபவம்

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு டைல்ஸ், பசை, கூலி எல்லாம் சேர்த்துத் தரை போடும் வேலையை ஒப்புக்கொண்டு, வீட்டுக்காரரிடம் 2,36,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்த அந்த நிமிடத்தில் கணக்கில் இருக்கும் தொகை முழுவதும் நம்முடையது போலத்தான் தெரியும். ஆனால் அதில் 36,000 ரூபாய் ஜிஎஸ்டி. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தம் சேவையாகக் கருதப்படுவதால், வேலை தொடங்காவிட்டாலும் அட்வான்ஸ் வாங்கிய மாதத்திலேயே 18 சதவீத வரியைக் கணக்கில் காட்டியாக வேண்டும். மீதியில் பெரும்பகுதி டைல்ஸ் கடைக்காரருக்கும், அதற்கடுத்தது சனிக்கிழமைதோறும் கை நீட்டும் மேஸ்திரிக்கும் உரியது. நமக்கென்று மிஞ்சுவது கடைசி பில்லில்தான் இருக்கிறது. அந்தக் கடைசி பில்லோ புதுமனை புகுவிழா முடிந்து, விருந்தினர் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் கைக்கு வருகிறது.

சேலத்தில் பதினான்கு ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் செய்துவரும் நான் இதுவரை நான்கு வங்கிகளில் நடப்புக் கணக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்று கணக்குச் செயலிகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். கணக்கு எழுதுவது என் மனைவி. ஆகவே செயலிகளைப் பற்றிய தீர்ப்புகளில் பாதிக்குமேல் அவருடையவை. இருவரும் எல்லாவற்றையும் ஒரே உரைகல்லில்தான் உரைத்துப் பார்த்தோம்: வாடிக்கையாளரின் அட்வான்ஸையும் எங்கள் சொந்தப் பணத்தையும் கலக்காமல் வைத்துக்கொள்ள இது உதவுகிறதா, இல்லையா?

முதலில் வங்கி. தொழில் தொடங்கிய புதிதில் எல்லோரையும் போல நானும் சேமிப்புக் கணக்கிலேயே வரவு செலவு செய்தேன். வரவு பெருகியதும் கிளையிலிருந்து அழைத்து நடப்புக் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். தனி உரிமையாளர் நிறுவனத்துக்குப் பெரிய காகித வேலை எதுவும் இல்லை. பான், ஆதார், அவற்றோடு தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு சான்றுகள் போதும். ஜிஎஸ்டி பதிவும், சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவும் என்னிடம் இருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம். அதைச் செய்து தருகிறோம் என்று 2,000 ரூபாய் கேட்கும் இடைத்தரகர்களின் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கின்றன என்பதால் முகவரியைச் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பெரிய தனியார் வங்கி ஒன்றில் தொடங்கிய என் முதல் நடப்புக் கணக்கின் செயலி அழகாக இருந்தது. பணம் அனுப்புவதும் பயனாளியைச் சேர்ப்பதும் நொடியில் முடிந்தன. ஆனால் காலாண்டுச் சராசரி இருப்பு 1 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நம் தொழிலின் மூச்சுக்கு ஒத்துவரவில்லை. ஆடி மாதத்தில் புதுமனை புகுவோர் கிடையாது. போதாக்குறைக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் சேலத்தில் ஆட்களைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. மார்கழியிலும் அதே கதை. அந்த மாதங்களில் இருப்பு தரைதட்டும். தையிலும் ஆவணியிலும் பொங்கி வழியும். இரண்டு காலாண்டுகள் இருப்புக் குறைவுக்காக அபராதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். அபராதத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த இருப்பைக் காப்பாற்றுவதற்காக வாடிக்கையாளரின் அட்வான்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, டைல்ஸ் கடைக்காரருக்குத் தர வேண்டியதை நானே தள்ளிப் போட்டேன். வங்கியின் நிபந்தனை என்னைத் தவறான பழக்கத்துக்குத் தள்ளியது என்பதுதான் அந்தக் கணக்கை மூடியதற்கு உண்மையான காரணம்.

ஆகவே நடப்புக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத் தாளில் இருக்கும் இலவசங்களை விட்டுவிட்டு, சராசரி இருப்பு மாதக் கணக்கா காலாண்டுக் கணக்கா, குறைந்தால் எவ்வளவு, மாதம் எவ்வளவு ரொக்கம் கட்டணமின்றிச் செலுத்தலாம் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். பொதுத்துறை வங்கிகளில் இருப்பு நிபந்தனை பெரும்பாலும் இளகியது, வரிசை நீளம். நம் மாநிலத்திலேயே வேர்விட்ட பழைய தனியார் வங்கிகளான கும்பகோணத்துச் சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா, தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆகியவை வியாபாரிகளைப் பார்த்தே வளர்ந்தவை. 1904, 1916, 1921 ஆகிய ஆண்டுகளில் தொடங்கப்பட்ட இவற்றின் கிளைகளில் சரக்கு, தவணை, சீசன் என்று நாம் பேசுகிற மொழி புரிகிறது என்பது என் அனுபவம். என் முதன்மைக் கணக்கு இப்போது அப்படிப்பட்ட வங்கி ஒன்றில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரே வங்கியில் எல்லாவற்றையும் வைக்கக் கூடாது. 2020 நவம்பர் 17 அன்று லட்சுமி விலாஸ் வங்கிக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டபோது, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். நவம்பர் 27 அன்று அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்ட பிறகே நிலைமை சீரானது. வைப்பாளர் யாருடைய பணமும் போகவில்லை. பத்து நாள்தானே என்று வைப்பாளர் சொல்லலாம். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு சனிக்கிழமையாவது வந்தே தீரும் என்பது ஆள் வைத்து வேலை வாங்குகிறவருக்குத் தெரியும். வைப்புக் காப்பீடும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான்.

எனக்கே நேர்ந்தது இன்னும் சிறியது, ஆனால் இன்னும் நெருக்கமானது. வாடிக்கையாளர் ஒருவர் தம் உறவினர் ஒருவரிடம் சொல்லி 40,000 ரூபாயை யூபிஐ வழியாக அனுப்ப வைத்தார். அந்த உறவினருக்கு அதற்கு முன் யார் யாரிடமிருந்தோ வந்த பணத்தில் ஏதோ ஒன்று வேறு மாநிலத்தில் சைபர் குற்றப் புகாரில் சிக்கியிருந்தது. சில நாள் கழித்து என் கணக்கிலிருந்து பணம் எதுவும் வெளியே போகவில்லை. கிளையில் கேட்டபோது, "சைபர் க்ரைம்ல இருந்து ஹோல்டு போட்டிருக்காங்க சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றார்கள். சர்ச்சைக்குரியது 40,000, முடங்கியதோ கணக்கு முழுவதும். ஒப்பந்தக் கடிதம், பில், வேலை நடந்த இடத்தின் படங்கள் எல்லாவற்றையும் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, வங்கியிலும் எழுதிக் கொடுத்து, கணக்கு திறக்கப்பட மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. இன்னொரு வங்கியில் சிறு கணக்கு ஒன்று இருந்ததால் கூலி நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் கணக்கிலிருந்து மட்டுமே பணம் பெறுவது என்று வைத்துக்கொண்டேன். மருமகன் அனுப்புவார், மச்சான் அனுப்புவார் என்றால் பணிவாக மறுத்துவிடுகிறேன்.

அதன் பின் அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது. அட்வான்ஸ் அனைத்தும் இரண்டாவது வங்கிக் கணக்கில்தான் விழும். அங்கிருந்து வரிக்கும் டைல்ஸுக்கும் கூலிக்கும் அந்தந்த வேலைக்கு உரியது மட்டும் வெளியே போகும். இறுதி பில் தொகை முதன்மைக் கணக்குக்கு வரும். வீட்டுச் செலவும் வண்டித் தவணையும் அதிலிருந்துதான். இரண்டு கணக்குக்கு இரண்டு கட்டணம் ஆகிறதே என்று ஆடிட்டர் முணுமுணுத்தார். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் போனாலும், அட்வான்ஸில் கை வைக்கும் சபலம் ஒழிந்தது.

கடன் வசதியைப் பொறுத்தவரை, வங்கியாளர்கள் முதலில் நீட்டுவது கேஷ் கிரெடிட். கடைக்காரருக்கு அது பொருத்தம். நமக்கு அவ்வளவு பொருத்தமில்லை. மாதாமாதம் சரக்கு இருப்பு அறிக்கை கொடுத்து, அந்தச் சரக்கின் மதிப்புக்கு ஏற்பத்தான் பணம் எடுக்க முடியும். நம் சரக்கோ வாங்கிய மூன்றாம் நாள் பிறர் வீட்டுத் தரையில் ஒட்டப்பட்டுவிடும். நிரந்தர வைப்பின் பேரில் எடுத்த ஓவர்டிராஃப்ட்தான் எனக்குக் கைகொடுத்தது. வைப்புக்குத் தரும் வட்டியைவிட ஓரிரண்டு சதவீதம் கூடுதலாக, எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி. வைப்பாகப் போட முதல் இல்லாதவர்கள் வங்கி நகைக்கடனையே நாடுகிறார்கள். இடைவெளியை நிரப்ப அது மோசமான வழியல்ல. பத்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்திரத் தவணையில் ஒரு கண்ணி இருக்கிறது. தரை மெருகேற்றும் எந்திரத்துக்கு "12 சதவீதம் ஃபிளாட்" என்று ஒருவர் சொன்னார். 1 லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 36,000. மாதத் தவணை ஏறத்தாழ 3,778. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தொடுகிறது. 2024 அக்டோபர் முதல் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளை முன்கூட்டியே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆண்டு மொத்தச் செலவு விகிதம் அதில் அச்சாகியிருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பணம் வாங்கும் வழிகளில் யூபிஐ எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் அனுப்பக்கூடியது சாதாரணமாக 1 லட்சம் வரைதான் என்பதால், தரைப்பணி அட்வான்ஸ் மூன்று நாளாகத் துண்டுபட்டு வரும். கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே அனுப்பும் வங்கி வழிகளில் ஐஎம்பிஎஸ் 5 லட்சம் வரை தாங்கும். ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2020 டிசம்பரிலிருந்து இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. வாடிக்கையாளருக்கு மதிப்பீடு அனுப்பும்போதே கணக்கு எண்ணைக் கீழே அச்சிட்டு, வங்கிப் பரிமாற்றமாகவே கேட்பது நல்லது. தொகையைச் சத்தமாக அறிவிக்கும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை கொடுப்பது நமக்கு வீண். ரொக்கமாக ஒருவரிடம் ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரலாம். வரவில் ஒரு பங்கையே இலாபமாக வைத்துக்கொள்ளும் ஊக வருமான முறையில் வரி கட்டுபவர்களுக்கு ரொக்க வரவில் 8 சதவீதம் இலாபமாகக் கொள்ளப்படும். வங்கி வழி வந்த வரவில் 6 சதவீதம்தான். ஆண்டுக்கு 80 லட்சம் வேலை செய்கிறவருக்கு இது 1,60,000 ரூபாய் வருமான வித்தியாசம்.

கூலியில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கணக்கு எழுதி வரி கட்டுபவர் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. எட்டுப் பேருக்கான வாரக் கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாக எண்ணிக் கொடுக்கும் நம் பழக்கம் இங்கேதான் இடிக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பத் தொடங்கினோம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை என்ற கவலையும் அதனால் தீர்ந்தது.

தீர்ந்தது என்று நினைத்தேன். ஏற்காட்டில் நாகலூர் சாலைப் பக்கம் காப்பித் தோட்ட பங்களா ஒன்றில் பழைய மரத்தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடும் வேலை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்றிய டைல்ஸில் உடைந்தது போக மீதியைக் கணக்குப் பார்த்து முடித்த ஒரு சனிக்கிழமை மாலை, பங்களாவுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை சுத்தமாக இல்லை. வாசல் கதவருகே நின்ற சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் இரண்டு கோடு தெரிந்தது. மழைத் தூறலில் எட்டுப் பேரும் அந்த மரத்தைச் சுற்றி நிற்க, நான் ஒவ்வொருவர் பெயராகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது ஆளுக்குப் பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது, அவர் கணக்குக்குப் போகவில்லை. தனிநபர் பரிமாற்றத்தில் இப்படி நேர்ந்தால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று விதி இருக்கிறது, பணமும் திரும்பியது. ஆனால் ஊருக்குப் பேருந்து ஏற நிற்பவரிடம் விதியைச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து மலை வேலைக்குப் போகும்போது ஆளுக்கு ஒன்றாக உறையில் ரொக்கம் எடுத்துப் போகிறேன். அந்தத் தோட்டக்காரர் கடைசி பில்லுக்கு, "காப்பி இறங்கட்டும் தம்பி, மொத்தமா குடுத்துர்றேன்" என்றார். சொன்னபடி மாசியில் கொடுத்தார். அந்த நான்கு மாதத்தையும் ஓவர்டிராஃப்ட்தான் தாங்கியது.

இனிக் கணக்குச் செயலிகள். என் மனைவி வைக்கும் தேர்வு ஒரே கேள்விதான்: "நாகலூர் வேலையில் என்ன மிச்சம்?" இதற்கு ஒரே திரையில் பதில் வர வேண்டும். காத்தாபுக் போன்றவை கடைக் கடன் நோட்டுக்கு இணையானவை. யார் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும், நினைவூட்டல் அனுப்பும், அதோடு சரி. வியாபார் செயலியில் வேலை நடக்கும் இடத்தில் நின்றபடியே கைப்பேசியில் மதிப்பீடு தயாரித்து அனுப்பலாம், இணையம் இல்லாமலும் ஓடும். ஓரிரண்டு வேலைகளை மட்டும் ஒரே நேரத்தில் நடத்துகிற மேஸ்திரி ஒப்பந்ததாரருக்கு அதுவே போதும். வாடிக்கையாளர் வாரியாக இலாபம் பார்க்கலாம். ஆனால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு இடங்களில் வேலை நடந்தால் இரண்டும் கலந்துவிடும் என்பதால் எங்களுக்குப் போதவில்லை.

டேலியில் ஒவ்வொரு வேலையையும் ஒரு செலவு மையமாக வைத்து எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் துல்லியமாக வருகிறது. பெட்டிக் கணக்கில் வாங்கி, சதுர அடிக் கணக்கில் பில் போடும் நம் வழக்கத்துக்கும் அது வளைந்து கொடுக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்று நாம் சொல்லும் 60 செ.மீ. டைல்ஸில் நான்கு துண்டு கொண்ட பெட்டி ஏறத்தாழ 15.5 சதுர அடி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சேலத்தில் டேலி தெரிந்த கணக்கர் கிடைப்பது எளிது, எல்லா ஆடிட்டரும் ஏற்கிறார்கள். ஆனால் முறையாகக் கற்றவர் உட்கார்ந்தால்தான் அது ஓடும். சோஹோ புக்ஸ் உலாவியிலும் கைப்பேசியிலும் இயங்குவதால், நான் மலையில் இருந்தபடி எடுத்த செலவுச் சீட்டின் படத்தை மனைவி அலுவலகத்திலிருந்து பதிவு செய்துவிடுகிறார். வேலை வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி அதிலும் உண்டு. அட்வான்ஸுக்கு வரியோடு சேர்த்து ரசீது போடும் வசதி இவ்விரண்டிலும் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை தேர்வை முடிவு செய்ததே அதுதான். இணையம் தடைபட்டால் சோஹோ நின்றுவிடும், ஆண்டுச் சந்தா வேறு. இரண்டையும் ஓராண்டு பார்த்துவிட்டு சோஹோவில் நின்றோம். ஓரிடத்திலேயே உட்கார்ந்து எழுதும் கணக்கர் இருந்திருந்தால் டேலியைத்தான் சொல்லியிருப்பேன்.

எந்தச் செயலியாக இருந்தாலும் வாங்குமுன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். டைல்ஸ் கடைக்காரர் தம் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்றால் நாம் கட்டிய வரி மாதந்தோறும் 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் தெரியாது, நாம் செலுத்தும் ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளும் வரவு நமக்குக் கிடைக்காது; எந்தக் கடையின் பில் விடுபட்டது என்று செயலி தானாகவே ஒப்பிட்டுச் சொல்கிறதா? ஏற்காட்டு விடுதிகளும் சேலத்து மருத்துவமனைகளும் பில்லில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டிய வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதை நிலுவையாகக் காட்டாமல், வரி வரவாக எழுத இடம் இருக்கிறதா? ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் வரி நீங்கிய தொகைக்குத்தான் கணக்கிடப்பட வேண்டும். ஒரு விடுதி முழுத் தொகைக்கும் பிடித்ததை என் மனைவி செயலியில் பார்த்துதான் கண்டுபிடித்தார்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் அலுவலக மேசையில் நீள்வாக்கில் மடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. மேஸ்திரி சொல்லச் சொல்ல, அறைக்குச் சதுர அடி, சுவரடி ஓரமாக ஒட்டும் ஸ்கர்டிங்குக்கு ஓட்ட அடி, மாடிப்படிக்குப் படி எண்ணிக்கை, அதோடு யார் ஆடிப் பண்டிகைக்கு எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார், அதில் இந்த வாரம் எவ்வளவு கழிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்படுகின்றன. மேஸ்திரி விரல் வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அந்தத் தொகைகள் செயலிக்கு ஏறுகின்றன.